எட்டுக் கிராம் கூட

திருநெல்வேலிச் சந்தையில் பன்னிரண்டு தராசுக்கு
முத்திரை குத்திப்போட்டு
பதினொன்றரைக்கு எங்களிடம் வந்தார்
அளவீட்டுப் பரிசோதகர் தவக்குலசிங்கம்.
செருப்பைக் கழற்றுவதா விடுவதா என்று
பிரேத அறை வாசலில் கொஞ்சநேரம் யோசித்தார்.
"கழற்றாமல் வாங்கோ ஐயா," என்றேன்,
"இஞ்ச அதுதான் நல்லம்."

மரப்பெட்டி. உள்ளே நீல வெல்வெட் குழிகளில்
பித்தளைப் படிக்கற்கள்.
விரல் படாமல் துணியால் எடுத்தார்.
ஐந்நூறு வைத்தார். முள் ஐந்நூற்றெட்டில் நின்றது.
நூறு வைத்தார். நூற்றெட்டு.
பிறகு வெறுந்தட்டைக் குனிந்து பார்த்தார்.
பூச்சியம் இருந்த இடத்தைத் துரு தின்றிருந்தது.

"எவ்வளவு காலமா இப்பிடி?"

தட்டு மாற்றியது போன மாசிக்கு முந்தின மாசி.
டொக்டர் சிரித்தா.
"எட்டுக் கிராமாலை ஒரு முடிவும் மாறாது.
மாறியிருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பன்."
உண்மைதான்.
சுவரில் ஒட்டிய அட்டவணையில்
'சாதாரணம்' என்ற தலைப்பின் கீழே நிறைய இடம் இருக்கிறது.
ஆணின் இதயம் முந்நூறு, பெண்ணினது இருநூற்றைம்பது,
ஐம்பது கூடினாலும் குறைந்தாலும் இதயம்தான்.
ஈரல் ஆயிரத்தைந்நூறு.
எந்தத் தேசத்து ஆட்களை நிறுத்து எழுதினார்களோ.
பழைய பதிவேட்டில், வன்னியால் திரும்பி வந்தவர்களின் மண்ணீரல்
அறுநூறு, எழுநூறு,
பக்கத்தில் சிவப்பு மையால் 'மலேரியா'.
அட்டவணை அப்போதும் நூற்றைம்பதில்தான் நின்றது.
சிறுவர்களுக்கு வேறு தாள், வயது வாரியாக.
அதை நாங்கள் ஒட்டவில்லை.
லாச்சிக்குள் முகங்குப்புறக் கிடக்கிறது.

குணபாலன் தட்டில் வைத்துச் சத்தமாய்ச் சொல்வான்,
கரையில் மீன் கூறுகிறவனின் குரல் அவனுக்கு.
நான் எழுதுவேன். இருபது மாதம் அப்படித்தான் எழுதினேன்.
இருநூற்றிப் பதினேழு பேர்.
பதிவேட்டில் வெட்டுக்கொத்து கூடாது,
கோட்டில் கேட்பார்கள்.
தவக்குலசிங்கம் முள்ளைத் திருத்தி, ஈயத்தில் முத்திரை குத்தி,
தேத்தண்ணி வேண்டாமென்று போனார்.

ஒருத்திக்கு மட்டும் நான் சொல்லவேண்டியிருந்தது.

பாசையூர் மெற்றில்டா. ஐப்பசியில் புருசனை எடுக்க வந்தவள்.
இன்னாசிமுத்து, நாற்பத்தொரு வயது, மண்டைதீவுக் கடல்.
கையெழுத்து வைக்கக் குனிந்தவள்
என் பக்கம் பார்த்த எழுத்தைத் தலைகீழாகவே வாசித்தாள்.
வலது சுவாசப்பை எழுநூற்றெண்பது.
இடது அறுநூற்றுத் தொண்ணூறு.
"இது வழமையா எவ்வளவு இருக்கும்?"
சுவரைக் காட்டினேன். நானூற்றைம்பது. நானூறு.
மீன் விற்கிறவளுக்குப் பேனை தேவைப்படவில்லை.
"அறுநூற்றி இருபது," என்றாள்.
"அவ்வளவும் கடல்."

அதற்குள் இரத்தமும் நுரையும் இருக்கும் என்று
டொக்டர் பிறகு எனக்குச் சொன்னா.
அவளிடம் நான் அதைச் சொல்லப் போகவில்லை.

இந்தச் சனிக்கிழமை சந்தைக்குப் போனேன்.
ஓரா ஒரு கிலோ என்றேன்.
அவளுடைய தராசிலும் அதே ஈயம், அதே முத்திரை.
என்னை மட்டுக்கட்டிவிட்டாள், ஆனால் விலை குறைக்கவில்லை.

"அக்கா, அண்டைக்கு எங்கட தராசு பிழை.
எட்டுக் கிராம் கூடக் காட்டினது.
ஒவ்வொண்டுக்கும்."

செவுளை விரித்து எனக்குச் சிவப்பைக் காட்டிக்கொண்டிருந்தவள்
விரலை எடுக்கவில்லை.
"அப்ப அறுநூற்றி நாலு," என்றாள்.

பிறகு ஈக்களை விசுக்கினாள்.
சின்ன ஓரா ஒன்றை, நிறுத்து முடிந்த பிறகு,
பைக்குள் போட்டாள்.
"வெட்டித் தரவோ,
முழுசாக் கொண்டுபோறியளோ?"

முழுசா, என்றேன்.